ஆவுளியா, ஆமை, அட்டை: கரையில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று எந்த ஊர்க் கரையில் போய் நின்றாலும் முதல் அரைமணி நேரம் கேள்விகளுக்கே போய்விடும். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் காட்டுயிர்ப் பாதுகாப்புக்காக நடக்கும் ஒரு சிறிய அறக்கட்டளை எங்களுடையது. டீக்கடையிலும் ஏலக்கூடத்திலும் பள்ளிக்கூடத்திலும் திரும்பத் திரும்ப வருகிற சந்தேகங்களை, கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன்.

நீங்க ஃபாரஸ்ட் ஆளுங்களா?

இல்லை. யாரையும் பிடிக்கவோ, படகைச் சோதனை போடவோ, வலையைப் பறிமுதல் செய்யவோ எங்களுக்கு அதிகாரம் கிடையாது. அதெல்லாம் வனத்துறையின் வேலை. ராமநாதபுரத்தில் இருக்கும் வன உயிரினக் காப்பாளர் அலுவலகம்தான் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைப் பார்த்துக்கொள்கிறது. மீன்பிடி விதிகள் மீன்வளத்துறையிடம் இருக்கின்றன. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093.

எங்கள் வேலை இவர்களுக்கும் ஊருக்கும் நடுவில். ஆமை சீசனில் இரவுக் கரை நடை, ஒதுங்கிய விலங்குகளுக்கு முதலுதவி, கைவிடப்பட்ட வலைகளை அப்புறப்படுத்துவது, பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு. அப்புறம் மனு எழுதுவது. வலை அறுத்து ஒரு விலங்கைக் காப்பாற்றியவருக்குச் சேர வேண்டியது வந்து சேரும்வரை அலுவலகத்துக்கு நடப்பதும் எங்கள் பொறுப்பு. உண்மையைச் சொன்னால், கடலில் காப்பாற்றுகிறவர்கள் மீனவர்கள்தான். கடல் பசுவான ஆவுளியா வலையில் விழும் அந்த நேரத்தில் அங்கே இருப்பது படகுக்காரர் மட்டுமே.

தேசியப் பூங்கான்னா எது வரைக்கும்? கடல்ல வேலியா போட்டிருக்கு?

இந்தக் குழப்பம் நியாயமானது. இரண்டு வேறு எல்லைகளுக்கு ஒரே பெயர் இருப்பதால் வருகிறது. 1986-ல் அறிவித்த தேசியப் பூங்கா 560 சதுர கிலோமீட்டர். பாம்பன் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலும் இதில் அடக்கம். அனுமதி இல்லாமல் தீவில் இறங்கக் கூடாது, அங்கே எதையும் எடுக்கவும் கூடாது. 1989-ல் அறிவித்த உயிர்க்கோளக் காப்பகம் அதைவிட மிகப் பெரியது, 10,500 சதுர கிலோமீட்டர். அதற்குள் மீன்பிடிக்கலாம், ஊர்கள் இருக்கலாம், தொழில் நடக்கலாம். "எங்க கடல் முழுக்கப் பூங்காவாம், இனிமே தொழிலே கிடையாதாம்" என்று யாராவது சொன்னால், அவர் இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்கிறார்.

21 என்பது அன்றைய கணக்கு. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கம் விலங்குச்சல்லியும் இப்போது நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததுதான் முக்கியக் காரணம். அலையைத் தடுக்கப் பவளப்பார் இல்லாவிட்டால் தீவு கரைந்துபோகும்.

ஆவுளியா இன்னும் இருக்கா? எங்க அப்பா காலத்துல பார்த்ததா சொல்லுவாரு.

இருக்கிறது, ஆனால் குறைவு. இந்தியா முழுக்கவே சில நூறுதான் மிச்சம் என்பது மதிப்பீடு. அதில் பெரும்பங்கு நம் பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் நம்பி வாழ்கிறது. புத்தகத்தில் கடல் பசு என்பார்கள். பாலூட்டி, நுரையீரலால் மூச்சு விடுவது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தே ஆக வேண்டும். கடல்தாழை என்று நாம் சொல்லும் கடல்புல்தான் அதன் சாப்பாடு. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ வரை தின்னும்.

நேரில் பார்ப்பது அரிது. ஆனால் அதன் மேய்ச்சல் தடத்தைப் பார்க்கலாம். வடகடல் (பாக் நீரிணை) பக்கம் தண்ணீர் தெளிந்து கிடக்கும் நாளில் வத்தை என்னும் சின்ன நாட்டுப்படகிலிருந்து குனிந்து பார்த்தால், புல்வெளி நடுவே சுமார் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் மணல் கோடு வளைந்து வளைந்து போகும். வேரோடு பிடுங்கித் தின்றுகொண்டே நகர்ந்த வழி அது. பக்கத்தில் பாதி கடித்த தாழை மிதக்கும். முதுகைக் கண்டதும் படகை விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தடத்தைப் பார்த்தால் இடத்தைக் குறித்து எங்களிடம் சொல்லுங்கள், அதுவே பெரிய உதவி.

2022 செப்டம்பரில் தமிழக அரசு நாட்டின் முதல் கடல் பசு பாதுகாப்பகத்தை அறிவித்தது. 448 சதுர கிலோமீட்டர். அது தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் இருக்கிறது, நம் மாவட்டத்தில் இல்லை. ஆனால் ஆவுளியா மாவட்ட எல்லை பார்த்து நீந்துவதில்லை. தாழை எங்கே இருக்கிறதோ அங்கே வரும்.

ஒண்ணு ரெண்டு செத்தா என்ன, குட்டி போட்டுப் பெருகிடாதா?

பெருகாது. பெட்டை ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை ஆகும். 70 ஆண்டு வரை வாழக்கூடிய உயிர், ஆனால் முதல் குட்டி ஈனவே பல ஆண்டு எடுத்துக்கொள்ளும். ஒரு தாய் வலையில் செத்தால் அந்த இடத்தை நிரப்ப ஒரு தலைமுறை போதாது.

வலையில மாட்டுனதை வெளியே சொன்னா கேஸ் போட்டுருவாங்கல்ல?

இந்தப் பயம்தான் எங்கள் வேலைக்கே பெரிய தடை. அதனால் நீளமாகவே சொல்கிறேன். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல் 1-ல் ஆவுளியா இருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். கறியை விற்றாலும் வைத்திருந்தாலும் குற்றம். இதைக் கேட்டுப் பயந்துதான் பலர், செத்த உடலைக் கல் கட்டி அமிழ்த்திவிடுகிறார்கள்.

ஆனால் தெரியாமல் மாட்டியதை உயிரோடு விட்டவர் கதை வேறு. வனத்துறை அவர்களை அழைத்து மேடையில் பாராட்டி ரொக்கமும் கொடுத்திருக்கிறது. இந்திய வன உயிரின நிறுவனத்தின் கடல் பசுத் திட்டத்தில் மீனவப் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகையும் உண்டு. விட்டதற்கு ஒரு கைபேசி வீடியோ எடுத்துவையுங்கள், இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள், மீதியை நாங்கள் பார்க்கிறோம். செத்துப்போயிருந்தாலும் மறைக்காதீர்கள். மறைத்த உடல் பிறகு கரை ஒதுங்கும்போதுதான் ஊர் முழுக்க விசாரணை வருகிறது.

விடுவிக்கும்போது வாலைக் கட்டி இழுக்கக் கூடாது, படகில் ஏற்றக் கூடாது. முதலில் மூக்குத் துளை தண்ணீருக்கு மேலே இருக்கும்படி தாங்கிக்கொண்டு வலையை அறுங்கள். குட்டி பக்கத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டையும் ஒரே பக்கமாக விடுங்கள்.

ஆமை அசையாம கிடக்கு. கடல்ல தள்ளிவிட்டா பிழைச்சுக்கும்ல?

பிழைக்காது, மூழ்கிச் சாகும். வலைக்குள் வெகுநேரம் மூச்சு முட்டிக் கிடந்த ஆமை செத்ததுபோலவே இருக்கும். கண்ணோரத்தையோ வாலையோ லேசாகத் தொட்டுப் பாருங்கள். சின்ன அசைவு இருந்தாலும் உயிர் இருக்கிறது. அசைவே இல்லை என்றாலும் உடனே முடிவு கட்ட வேண்டாம்.

மல்லாக்கப் போடக் கூடாது. வயிறு கீழே இருக்கும்படி படுக்க வைத்து, பின்பகுதிக்கு அடியில் சுருட்டிய வலையையோ கயிற்றுச் சுருளையோ வைத்து ஒரு சாண் உயர்த்துங்கள். நுரையீரலில் போன தண்ணீர் மெல்ல வாய்வழியாக வடியும். ஓட்டின் மேல் ஈரச் சாக்கு போடுங்கள், மூக்கை மட்டும் மூடிவிடாதீர்கள். நிழல் வேண்டும். சில மணி நேரத்தில் தெளியும், சிலவற்றுக்கு ஒரு நாள்கூட ஆகலாம். தலை தூக்கி நன்றாகத் துழாவ ஆரம்பித்த பிறகு எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டு, வலை இல்லாத பக்கமாக மெதுவாக இறக்குங்கள்.

ஓங்கில் (டால்பின்) கரை ஒதுங்கினாலும் இதே பொறுமைதான். கூடுதலாக ஒன்று: தலையின் மேலே இருக்கும் மூச்சுத் துளையில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். நல்ல மனதோடு வாளி வாளியாக ஊற்றியே கொன்றுவிடுகிறோம்.

ஆமை முட்டையை ஏன் தோண்டி எடுத்துட்டுப் போறீங்க? அதுபாட்டுக்கு இருக்கக் கூடாதா?

இருந்தால் நல்லதுதான். இட்ட இடத்திலேயே பொரிவதுதான் சிறந்தது. பாதுகாப்பான இடமாகத் தெரிந்தால் நாங்களும் கை வைப்பதில்லை. ஆனால் தைக்கும் பங்குனிக்கும் இடையில் தனுஷ்கோடி, அரிச்சல்முனை, முகுந்தராயர் சத்திரம் பக்கம் பங்குனி ஆமை ஏறும் கரையில் நாய்க்கூட்டம் நடமாடுகிறது, வண்டித் தடமும் இருக்கிறது. விடிவதற்குள் ஒரு கூடு காலியாகிவிடும். அதனால் வனத்துறை பொரிப்பகம் அமைக்கிறது, நாங்கள் கரை நடையில் கூட நிற்கிறோம்.

நூறுக்கு மேல் முட்டை இருக்கும். இட்ட சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், எடுக்கும்போது உருட்டக் கூடாது. உள்ளே கரு ஓட்டோடு ஒட்ட ஆரம்பித்த பின் புரட்டினால் செத்துவிடும். பொரிப்பகத்தில் தாய் தோண்டிய அதே ஆழத்துக்கு, சுமார் ஒன்றரை அடி, குழி எடுத்து வைக்கிறோம். 45 முதல் 55 நாளில் குஞ்சு வரும். மணலின் சூடு கூடினால் பெட்டை அதிகம், குறைந்தால் ஆண் அதிகம். அதனால்தான் பொரிப்பகத்துக்கு மேலே பந்தல் போடுவதா வேண்டாமா என்று இத்தனை விவாதம் நடக்கிறது. அவசரத்தில் யாரும் தாங்களாகத் தோண்ட வேண்டாம். அது சட்டப்படியும் தவறு, முட்டையும் வீண்.

குஞ்சு விடுறப்போ பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலாமா?

வரலாம், வனத்துறை அனுமதித்த நாளில். டார்ச், ஃபிளாஷ் கூடாது. குஞ்சைக் கையில் தூக்கித் தண்ணீரில் போடக் கூடாது, மணலில் தானாக நடந்து போக வேண்டும்.

தனுஷ்கோடியில பூநாரை எப்போ பார்க்கலாம்?

மழை முடிந்து வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில். 2025 ஜூனில் சுமார் 524 ஹெக்டேரை அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. ட்ரோன் பறக்கவிடாதீர்கள், கூட்டம் எழும்பிப் பறக்க வேண்டும் என்று கை தட்டாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருகிற மற்ற வலசைப் பறவைகளும் அதே சேற்றில்தான் இரை தேடுகின்றன. மாவட்டத்துக்குள்ளே சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் கண்மாய்களும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் உள்ளவை. அங்கே கூட்டமும் குறைவு.

ராமேஸ்வரத்துல சங்கு, பவளம் வாங்கிட்டுப் போகலாமா?

பவளம் வேண்டாம். 2001-லிருந்து பட்டியல் 1. கடல் குதிரைக் கருவாடும் அப்படியே. நம் பூஜைச் சங்கு, வளையல் சங்கு தடைப் பட்டியலில் இல்லை, சங்கு குளிக்கும் குளிகாரர்களின் நெடுநாள் தொழில் அது. அலங்காரச் சிப்பிகளில் சில வகைகள் தடைசெய்யப்பட்டவை. கடைக்காரருக்கே தெரியாமல் கலந்திருக்கும். சந்தேகம் என்றால் வாங்காமல் விடுவதுதான் பாதுகாப்பு.

பாசி எடுக்குற பொம்பளைங்களைத் தீவுப் பக்கம் விடாம தடுக்குறது நீங்கதானே?

நாங்கள் இல்லை. முதல் கேள்வியில் சொன்னதுபோல எங்களுக்கு அந்த அதிகாரமே கிடையாது. தீவைச் சுற்றித் தடை இருப்பது பூங்கா விதிகளால். ஆனால் இந்த விஷயத்தில் எங்களுக்கு ஒரு கருத்து இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. சின்னப்பாலம், ஏர்வாடிப் பக்கத்துப் பெண்கள் தலைமுறையாக மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுத்து வாழ்கிறவர்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கிக் கையால் பறிப்பார்கள். பவளத்தைச் சுரண்டும் இரும்புக் கருவி வேண்டாம் என்றும், மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்றும், மீன்பிடித் தடைக்காலத்தில் சில வாரம் நிறுத்துவது என்றும் அவர்களே கூடிப் பேசி ஒழுங்கு வைத்தார்கள். இதைவிட நல்ல பாதுகாப்பு விதியை எந்த அலுவலகமும் எழுதியதில்லை.

பதிலுக்கு என்ன கிடைத்தது? அடையாள அட்டைக்கு அலைச்சல், கடலில் பிடித்து வைத்துப் பாசியைக் கொட்டிவிடுவது. வளர்ப்புப் பாசிக்கு மாறுங்கள் என்று அறிவுரை வேறு. வெளிநாட்டிலிருந்து வந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்து மூடியதை ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். அதைப் பறித்து எடுப்பது இன்றுவரை தீராத வேலை. கையால் பறிக்கும் பெண்களையும் அதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதே எங்கள் மனுக்களின் சாரம்.

விசைப்படகை விட்டுட்டு எங்க வத்தையைத்தான் பிடிக்கிறாங்க. நீங்க அதைக் கேப்பீங்களா?

கேட்டிருக்கிறோம், இனியும் கேட்போம். நீங்கள் சொல்வது சரி. பாக் நீரிணை ஆழமே இல்லாத கடல். அதன் அடித்தரையில் இழுவைமடி (விசைப்படகு தரையோடு இழுத்துப்போகும் வலை) போனால் தாழை வேரோடு வரும், மீன்குஞ்சு வரும், கடல் அட்டை வரும், எல்லாம் கழிவோடு கழிவாகக் கொட்டப்படும். ஆவுளியாவுக்கும் உங்களுக்கும் இதில் நஷ்டம் ஒன்றுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை அந்தக் கடலுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் தருகிறது. மீதி நாளில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நாள் பிரித்து வைத்த முறை ஒழுங்காக நடந்தாலே பாதிச் சண்டை தீரும். இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடி அறவே தடை, ஆனாலும் நடக்கிறது.

அதே சமயம் விசைப்படகுக்காரரை வில்லனாக்கவும் எங்களுக்கு மனமில்லை. கடன் வாங்கிப் படகு கட்டியவர், கூலிக்குப் போகிறவர் எல்லாம் நம் ஊர்க்காரர்கள்தான். ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற 2017-ல் திட்டம் வந்தது. படகு விலை 80 லட்சம், அதில் 70 விழுக்காடு மானியம். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் இரவு போய்க் காலையில் திரும்பும் பழக்கமுள்ளவர், வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்க வேண்டும். டீசல், ஐஸ், பயிற்சி பெற்ற ஆள், விலை என்று எதற்கும் உறுதி இல்லாமல் எத்தனை பேர் மாறுவார்கள்? மானியத்தோடு அந்த உறுதியும் வேண்டும் என்று சொல்கிறோம்.

உங்களுக்கு வெளிநாட்டுக் காசு வருதாமே?

வருவதில்லை. அப்படி வாங்க வேண்டுமானால் மத்திய உள்துறையில் பதிவு வேண்டும், பணமும் டெல்லியில் ஒரு குறிப்பிட்ட வங்கிக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர முடியும். ஒளித்து வாங்க வழி இல்லை. எங்களுக்கு வருவது உள்ளூர் நன்கொடை. பெரும்பகுதி கரை நடைக்குப் போகும் இளைஞர்களின் படியிலும் டீசலிலும் அறுத்த வலைக்கு ஈடு கொடுப்பதிலும் செலவாகிறது. வரவு செலவுக் கணக்கை யார் வந்து கேட்டாலும் காட்டுகிறோம். வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது உண்டு. பழைய வரிமுறையில் கணக்கு போடுகிறவர்களுக்குத்தான் அதில் பயன், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது.

நீச்சல் தெரியாது. உதவிக்கு வரலாமா?

தாராளமாக. கரை நடைக்கு நீச்சல் வேண்டாம், விடிய விடிய நடக்கத் தெம்பு வேண்டும். கணக்கு எழுத, படம் வரைய, மனு தட்டச்சு செய்ய ஆள் எப்போதும் தேவை. செல்ஃபி எடுக்க மட்டும் வருகிறவர்களை முதல் இரவே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

கடல் அட்டை எடுத்தா இங்கே ஜெயில், இலங்கையில லைசென்ஸ். இது என்ன நியாயம்?

பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி. அங்கே உரிமத்தோடு எடுக்கிறார்கள் என்பது உண்மை. இங்கே எடுத்ததும் கள்ளத்தனமாக அங்கே போய், அங்கிருந்து சீனாவுக்கும் கிழக்காசிய நாடுகளுக்கும் போகிறது என்பதும் உண்மை. நம் ஊரில் நூற்றாண்டுகளாக நடந்த தொழில் இது. குடல் எடுத்து, அவித்து, மணலில் புதைத்து, தோல் தேய்த்துக் காயப்போடும் வேலையில் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. 1982-ல் மூன்று அங்குலத்துக்குக் குறைவானதை ஏற்றுமதி செய்யக் கூடாது என்றார்கள். 2001-ல் எல்லா அட்டைக்கும் முழுத் தடை. ஒரே நாளில் தொழில் குற்றமாகிவிட்டது, மாற்று வேலை பிறகுகூட வரவில்லை.

தடைக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. அட்டை, கடலடியின் மண்புழு. மணலைத் தின்று அதிலுள்ள அழுக்கைச் செரித்துச் சுத்தமாக வெளியே விடுகிறது. அது அற்றுப்போன இடத்தில் அடித்தரை இறுகும், தாழை குறையும். இன்னொன்று, ஆணும் பெண்ணும் நெருக்கமாக இருந்து தண்ணீரில் விந்தும் முட்டையும் விட்டால்தான் இனம் பெருகும். அங்கொன்று இங்கொன்று என்று ஆகிவிட்டால், கண்ணுக்கு அட்டை தெரியும், குஞ்சு வராது.

வழக்கில் மாட்டுவது யார் என்று பாருங்கள். முங்கி எடுத்த கூலிக்காரரும் படகு ஓட்டியவரும்தான். பணம் போட்டு வாங்கியவர் பெயர் வெளியே வருவதே அபூர்வம். இதில் நாங்கள் மீனவர் பக்கம் பேசுவோம். ஆனால் அட்டை எடுக்க யாருக்கும் துணை போக மாட்டோம்.

அப்போ தடையை எடுக்கச் சொல்லி மனு கொண்டுவந்தா கையெழுத்து போடுவீங்களா?

"தடையை எடு" என்று மட்டும் எழுதியிருந்தால் போட மாட்டோம். இன்று திறந்துவிட்டால் முதலில் வருவது கம்ப்ரசர் வைத்து முங்கும் பெரிய கைகள்தான். மிச்சம் இருப்பதை இரண்டு சீசனில் வழித்துவிடுவார்கள், வத்தைக்காரருக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஆனால் வேறு மாதிரி எழுதினால் போடுவோம். முதலில் எந்த வகை எங்கே எவ்வளவு இருக்கிறது என்று மீனவர்களையும் கூட வைத்துக்கொண்டு கணக்கெடுக்க வேண்டும். வெள்ளை அட்டையைக் குஞ்சு பொரிக்க வைப்பதில் தூத்துக்குடியிலிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் 1988-லேயே வெற்றி பெற்றது. உலகுக்கே முன்னோடியான வேலை அது. அதை ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே கொண்டுவந்து, கரையோரப் பெண்கள் குழுக்கள் சட்டப்படி வளர்க்க வழி செய்ய வேண்டும். ஒருவேளை பிறகு எடுக்க அனுமதி வந்தால் அளவு, மாதம், இடம் மூன்றையும் ஊர் முடிவு செய்து அரசு எழுத வேண்டும், உரிமம் நாட்டுப்படகுக்கு மட்டும். இந்த நான்கும் உள்ள மனுவின் வரைவு எங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்லுங்கள், ஊர்த் தலைவர்களின் கையெழுத்துக்குக் கீழே எங்கள் கையெழுத்தும் இருக்கும்.